முகம் காட்டாத கடுவன்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் ஐதராபாத்தில் வாழும் நம் குடும்பங்கள் அவர்களை அழைத்துச் செல்லும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றே. முதல் நாள் சார்மினாரும் சாலார் ஜங் அருங்காட்சியகமும்; மறுநாள் நேரு உயிரியல் பூங்கா. புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு, பாலாநகரிலிருந்து இரண்டு பேருந்து மாறி, மீர் ஆலம் ஏரிக்கரையில் இறங்கும்போது குழந்தைகளுக்குப் பாதி உற்சாகமும் பெரியவர்களுக்கு முழுக் களைப்பும் வந்திருக்கும். 1963 அக்டோபர் 6 அன்று திறக்கப்பெற்ற அப்பூங்கா ஏறத்தாழ 380 ஏக்கர் பரப்புடையது. அதற்கு முன்னர் நகரின் நடுவே பாக்-ஏ-ஆம் தோட்டத்தில் இருந்த விலங்குகளை அங்கே குடியேற்றினார்கள் என்பர். அவ்வகையில் அவையும் நம்மைப்போல் இடம் பெயர்ந்து வந்தவைதாம்.

இருபது ஆண்டுகளாக இந்நகரில் வாழும் நான் அப்பூங்காவிற்கு எத்தனை முறை சென்றேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் ஒன்று நினைவிருக்கிறது. புலி குகைக்குள் படுத்திருந்தால் எனக்குச் சினம் வரும். கரடி புதருக்குப் பின் இருந்தால், நுழைவுச்சீட்டு வாங்கியது வீணாயிற்று என்று முணுமுணுப்பேன். காசு கொடுத்துப் பார்க்க வந்தவனுக்கு முகம் காட்டுவது விலங்கின் கடமை என்பது என் உள்ளத்தில் ஊறிப்போன எண்ணம். அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டைப் பராமரிப்பவனுக்கு அப்படித்தான் தோன்றும்போலும்.

அந்த எண்ணத்தை மைசூரில் ஓர் உராங்குட்டான் உடைத்தது. அது என்ன சொல்லிற்று என்று எனக்கு எடுத்துக் கூறியவர் என் தந்தையார். இருவருமே அதிகம் பேசாதவர்கள். ஆகவே பேசும் பணி என் தலையில் விழுந்திருக்கிறது.

என் தந்தையார் மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு நெல் அரைவை ஆலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்கு எழுதியவர். ஆலையின் இரைச்சலுக்கு நடுவே ஒரு சிறு அறையில் பேரேட்டின்மீது குனிந்த தலையே அவருடைய உருவமாக எங்கள் ஊராருக்குத் தெரியும். பேச்சுக் குறைவு, கூட்டம் ஆகாது. கோயில் திருவிழாவில் சாமி எங்கள் தெருவுக்கு வரும்போது எல்லாரும் வாசலுக்கு ஓடுவார்கள். அவர் திண்ணைத் தூணுக்குப் பின்னால் நின்று கைகூப்புவார். என் திருமணப் புகைப்படத் தொகுப்பைப் புரட்டினால் பல படங்களில் அப்பாவின் தோள் இருக்கும், மேல்துண்டின் கரை இருக்கும், முகம் இராது. புகைப்படக்காரர் ஒவ்வொரு முறை விளக்கைத் தூக்கும்போதும் அவர் யாராவது ஒருவருக்குப் பின்னால் நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறார்.

2021-இல் அம்மா மறைந்தாள். அவ்வாண்டின் இறுதியில் அப்பாவைப் பாலாநகருக்கு அழைத்து வந்தேன். தெலுங்கு தெரியாது, இந்தி தெரியாது. அந்த வயதில் வேரோடு பிடுங்கி வேறு மண்ணில் நட்டால் எந்த மரம்தான் உடனே தளிர்க்கும்? ஆயினும் எனக்கு அவர் தளிர்க்க வேண்டும்; அதுவும் விரைவாக, நாலு பேர் பார்க்கும்படியாகத் தளிர்க்க வேண்டும். வீட்டுக்கு யார் வந்தாலும், "அப்பா, இங்கே வாங்க, இவர் என் அலுவலக நண்பர்" என்று கூடத்திலிருந்து குரல் கொடுப்பேன். குரல் கேட்டதும் அவர் பின்பக்கத்து உப்பரிகைக்குப் போய்விடுவார். அங்கே துணி காயும் கொடிக்குக் கீழே, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். "மாமாவை விடுங்களேன்" என்பாள் என் மனைவி. நான் விடமாட்டேன். விருந்தினர் என்ன நினைப்பார்கள் என்ற கவலை எனக்கு. பெற்ற தந்தையைப் பின்கட்டில் அடைத்து வைத்திருக்கிறான் என்று யாராவது சொல்லிவிட்டால்?

2023 பொங்கல் விழாவில் அந்தக் கவலை என்னை ஒரு தவற்றுக்குள் தள்ளியது. விழாவில் மூத்தோருக்குப் பொன்னாடை போர்த்தும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அப்பாவின் பெயரை அவரிடம் கேளாமலே நான் கொடுத்திருந்தேன். மேடைக்கு வந்தால் மகிழ்வார், கூச்சம் தெளியும் என்பது என் கணக்கு. ஒலிபெருக்கியில் மூன்று முறை பெயரை அழைத்தார்கள். நாற்காலி வெறுமையாக இருந்தது. அரங்கம் முழுவதும் தேடினோம், தெருவில் தேடினோம். கைப்பேசியை அவர் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். மூன்று மணி நேரம் கழித்துப் பாலாநகர் மேம்பாலத்தின் ஒரு தூணுக்குப் பின்னால் அவரைக் கண்டேன். வீட்டுக்கு நடந்தே போய்விடலாம் என்று புறப்பட்டு, எந்தத் தெரு எங்கள் தெரு என்பது விளங்காமல், யாரிடமும் கேட்கவும் மொழியில்லாமல், தலையில் துண்டோடு அமர்ந்திருந்தார். பக்கத்தில் பூ விற்கும் ஒரு தெலுங்கு அம்மையார் குடிக்கத் தண்ணீர் கொடுத்திருந்தார்.

அச்சம் தெளிந்ததும் எனக்குச் சினம் வந்தது. "நாலு பேருக்கு முன்னால வர்றதுல உங்களுக்கு என்னப்பா குறைஞ்சு போச்சு?" என்று அந்த இடத்திலேயே கேட்டேன். அவர் விடை சொல்லவில்லை. பூக்கார அம்மையாரைப் பார்த்துக் கைகூப்பிவிட்டு என் பின்னால் நடந்தார். அன்று அவர் சொல்லாமல் விட்ட விடையை ஒன்பது திங்கள் கழித்துத்தான் கேட்டேன்.

அவ்வாண்டுத் தசரா விடுமுறையில் விடுப்புப் பயணச் சலுகையைப் பயன்படுத்தி மைசூருக்குச் சென்றோம். காச்சிகூடாவில் மாலையில் ஏறினால் மறுநாள் காலையில் மைசூர். ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகள் புறப்படும்போதே ஒரு நிபந்தனை விதித்திருந்தாள்: அரண்மனையைப் பார்க்காவிட்டாலும் உராங்குட்டானைப் பார்க்க வேண்டும். நம் ஐதராபாத்துப் பூங்காவில் அது இல்லை. மைசூரில் சாமராஜேந்திர உடையார் காலத்தில் 1892-இல் தோன்றிய பழம்பெரும் விலங்குக்காட்சிச் சாலைக்கு 2021-இல் சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் இரண்டு ஆணும் இரண்டு பெண்ணுமாக உராங்குட்டான்கள் வந்தன. அதற்கு முன்னர் நாட்டின் ஒரே உராங்குட்டான் என்று செய்தித்தாள்கள் எழுதிவந்த பின்னி என்னும் பெண் உராங்குட்டான் 2003-இல் புனேயிலிருந்து ஒரிசாவின் நந்தன்கானனுக்குக் கொண்டுவரப்பட்டு, 2019 மே மாதத்தில் 41 வயதில் அங்கேயே இறந்தது. தன் இனத்தாரின் குரலே கேட்காத அந்தக் கடைசி ஆண்டுகள் எப்படி இருந்திருக்கும் என்று மகள் தொடர்வண்டியில் கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. மேல்படுக்கையில் அப்பா விழித்திருந்தார் என்பது மட்டும் தெரியும்.

சிங்கப்பூர், மலேசியா என்ற பெயர்களைக் கேட்டதும் அப்பா வாய் திறந்தது எனக்கு வியப்பு. அவருடைய தாய்மாமன் ஒருவர் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனவர், திரும்பவே இல்லை. "நம்ம ஆளுங்க போன ஊர்லேருந்து அது வந்திருக்கு" என்றார். அவர் சொன்னது அவர் நினைத்ததைவிட ஆழமான உண்மை. மலாய் மொழியில் 'ஓராங்' என்றால் ஆள். 'ஹுத்தான்' என்றால் காடு. காட்டு ஆள் என்பதே அதன் பெயர். இன்று அவ்வினம் போர்னியோ, சுமத்திரா என்னும் இரு தீவுகளின் காடுகளில் மட்டுமே இயற்கையாக வாழ்கிறது. சுமத்திரா நமக்குப் புதிய ஊர் அன்று. அங்கே பாரூஸ் பகுதியில் லோபு துவா என்னும் இடத்தில் தமிழ் வணிகரான ஐந்நூற்றுவர் கி.பி. 1088-இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. கற்பூரம் வாங்கப் போனவர்கள் அவர்கள். பின்னாளில் புகையிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்கள் மேடான் நகரில் 1884-இல் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினார்கள். பாரூஸ் அமைந்துள்ள தப்பனூலி வட்டாரத்தின் காட்டில் வாழும் உராங்குட்டான் தனியொரு வகை என்று அறிவியலார் 2017-இல்தான் கண்டறிந்து பெயரிட்டனர். எண்ணூறுக்கும் குறைவாகவே அவை எஞ்சியுள்ளன. நம் வணிகர் கல்லில் எழுதிவைத்துப் போன நாட்டிலேயே, தொள்ளாயிரம் ஆண்டுகளாக நாம் அறியாமல் மறைந்திருந்த உறவினர் அவர்!

தசராக் காலத்து மைசூரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. விலங்குக்காட்சிச் சாலையின் வாயிலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். உராங்குட்டான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க வழிகாட்டிப் பலகையே வேண்டியிருக்கவில்லை, ஆரவாரம் வழிகாட்டிற்று. தடுப்புக்கு முன்னால் ஐந்தாறு வரிசையாக மக்கள். குழந்தைகள் தந்தைமார் தோளில். அப்பால் மரக்கட்டைகளும் கயிறுகளும் பொருத்திய திறந்தவெளி. பெண் உராங்குட்டான் ஒன்று கயிற்றைப் பற்றிக்கொண்டு நிதானமாக நடந்தது. அதன் செம்பட்டை முடி வெயிலில் ஒளிர்ந்தது. கூட்டம் கைதட்டியது. ஆனால் எல்லாரும் காண விரும்பியது ஆணை. அது எங்கே?

மேடை ஒன்றின் மூலையில், முதுகை எங்கள் பக்கம் திருப்பிக்கொண்டு, சாக்கு ஒன்றைத் தலைமேல் கவிழ்த்தபடி அது உட்கார்ந்திருந்தது. செந்நிற முடி வழியும் நெடிய கைகள் மட்டும் சாக்கின் ஓரத்தைப் பிடித்திருந்தன. சீழ்க்கை ஒலித்தார்கள். "ஏய்! ஏய்!" என்றார்கள். கன்னடத்தில், தெலுங்கில், இந்தியில், நம் தமிழிலும் அழைத்தார்கள். ஒருவர் குரங்கைப்போல ஊளையிட்டுக் காட்டினார், எல்லாரும் சிரித்தார்கள். அழைப்பு ஓங்கும்போதெல்லாம் அந்தச் சாக்கு இன்னும் ஒரு விரற்கடை கீழே இறங்கியது. அவ்வளவே விடை.

வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: நானும் அழைத்தேன். மகள் பார்க்க வேண்டுமே என்று கையைத் தட்டி, குரலை உயர்த்தி அழைத்தேன். அழைத்துவிட்டு, அப்பாவுக்குத் தெரிகிறதா என்று திரும்பினேன். அவர் என் அருகில் இல்லை. என் நெஞ்சு திடுக்கிட்டது. மேம்பாலத்துத் தூண் நினைவுக்கு வந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே வந்தேன். இருபது அடி தள்ளி ஒரு மரத்தடியில், உராங்குட்டானுக்கு முதுகைக் காட்டியபடி அப்பா நின்றுகொண்டிருந்தார்.

"இவ்வளவு தூரம் வந்துட்டுப் பாக்கலையாப்பா?" என்றேன்.

"அவன் யாரும் பாக்க வேணாம்னு இருக்கான் தம்பி. நாம ஏன் பாக்கணும்?" என்றார் அப்பா. சிறிது நேரம் கழித்து, யாரிடமோ சொல்வதுபோல, "துண்டைப் போட்டுக்கிட்டா யாரும் இல்லாத மாதிரி இருக்கும்" என்றார்.

நான் பேசவில்லை. பேச என்ன இருந்தது? பொங்கலன்று நான் கேட்ட கேள்விக்கு விடை வந்துவிட்டது.

பிற்பகலில் மழை பிடித்தது. கூட்டம் கலைந்து கூரை தேடி ஓடியது. நாங்கள் அருகிலிருந்த ஒரு நிழற்கூரையின்கீழ் ஒதுங்கினோம். அப்பா அங்கிருந்த விசிப்பலகையில் உராங்குட்டானின் பக்கம் நேராகத் திரும்பாமல், பக்கவாட்டில், மழையைப் பார்த்து அமர்ந்தார். மகளும் தாத்தாவைப்போலவே பக்கவாட்டில் உட்கார்ந்தாள். ஆரவாரம் அடங்கிவிட்டது. மழையின் ஓசை ஒன்றுதான். அரை மணி நேரம் கழிந்திருக்கும். மகள் என் கையை மெல்லத் தொட்டாள். சாக்கு இடம் மாறியிருந்தது. அந்தப் பெரிய உருவம் மேடையின் மூலையிலிருந்து இறங்கி, இன்னும் சற்று அருகில் வந்து, எங்களைப்போலவே பக்கவாட்டில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தது. சாக்கு தலையில்தான் இருந்தது. ஆனால் மழைக்குப் போட்ட முக்காடாக இருந்தது. முகம் பாதிதான் தெரிந்தது. ஒரு முறை கண்ணின் ஓரத்தால் எங்களைப் பார்த்தது. அப்பா திரும்பவில்லை. ஆனால் அவர் முகத்தில், அம்மா இருந்த நாள்களில் நான் கண்டிருந்த ஓர் அமைதி இருந்தது.

இதைக்கொண்டு, அவ்விலங்கு அப்பாவைப் புரிந்துகொண்டது என்றெல்லாம் நான் கதை கட்ட விரும்பவில்லை. மழை வந்தது, சத்தம் நின்றது, அது இறங்கிற்று. அவ்வளவே நான் கண்டது.

பாலாநகர் திரும்பியபின் மகள் நூலகத்திலிருந்து புத்தகங்கள் கொண்டுவந்தாள். இருவரும் சேர்ந்து படித்தோம். உராங்குட்டான் ஆண் இயல்பாகவே தனியன். சிம்பன்சிகளைப்போல் கூட்டமாக வாழும் வழக்கம் அதற்கு இல்லை. குட்டி ஏழெட்டு ஆண்டுகள் தாயை ஒட்டி வாழும். தாய் அடுத்த குட்டியை ஈனுவதும் ஏறத்தாழ அத்தனை ஆண்டுகள் கழித்தே. வளர்ந்த ஆண் தாயைவிட்டுப் பிரிந்தால் காட்டில் தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும். பெண்ணைப்போல் இரு மடங்கு எடை, தொண்ணூறு கிலோ வரை இருக்கக்கூடிய அந்த உடல், மரக்கிளைகளிலேயே பெரும்பாலும் உலவும். இரவுதோறும் இலைகளை வளைத்துப் புதுப் படுக்கை அமைக்கும். மழை பெய்தால் பெரிய இலைகளைத் தலைக்குமேல் பிடித்துக்கொள்ளும். காட்சிச் சாலைகளில் இலைக்குப் பதில் சாக்கு. நாங்கள் கண்டது எதையும் இழந்து நிற்கும் கோலம் அன்று. காட்டிலிருந்து கொண்டுவந்த வழக்கம்.

இன்னொரு செய்தி என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. முதிர்ந்த ஆண்களில் இருவகை உண்டு. ஒரு வகைக்கு முகத்தின் இரு பக்கமும் அகன்ற கன்ன மடல்கள் வளரும். தொண்டைப் பை பெருக்கும். ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும் நெடுங்குரல் கொடுக்கும். மற்றொரு வகைக்கு இவை எதுவும் வளராது. வயது முதிர்ந்து, தந்தையாகும் தகுதி பெற்றும், தோற்றத்தில் இளையதாகவே இருக்கும். அருகில் மடல் வளர்ந்த பெரிய ஆண் ஒன்று இருந்தால், தன் மடல்களின் வளர்ச்சியை அது ஆண்டுக்கணக்கில், சில வேளைகளில் பத்து இருபது ஆண்டுகள்கூட, ஒத்திப்போடுமாம். மேலதிகாரி ஓய்வு பெறும்வரை முதுகை நிமிர்த்தாத எழுத்தர்களை நான் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். ஆகவே இதை நம்புவதில் எனக்குத் தடை இருக்கவில்லை. மைசூரில் நாங்கள் கண்ட ஆணுக்கு மடல்கள் இருந்தனவா என்று நீங்கள் கேட்கக்கூடும். சொல்ல இயலாது. அது முகம் காட்டவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஒதுங்கியிருப்பவன் மந்தமானவன் என்று நாம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். 1968-இல் அமெரிக்காவின் ஒமாகா விலங்குக்காட்சிச் சாலையில் பூ மஞ்சு என்னும் ஆண் உராங்குட்டான் தன் கூட்டத்தோடு மீண்டும் மீண்டும் வெளியேறி மரங்களில் அமர்ந்திருந்ததாம். கதவை யார் திறந்துவிட்டது என்று காப்பாளர்கள்மேல் ஐயம் எழுந்தது. கடைசியில் பார்த்தால், அதுவே ஒரு கம்பித் துண்டால் தாழை நெகிழ்த்தியிருக்கிறது. அந்தக் கம்பியை உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒளித்து வைத்திருந்திருக்கிறது. 2022-இல் சுமத்திராவின் காட்டில் ராக்குஸ் என்னும் மடல் வளர்ந்த ஆண், முகத்தில் பட்ட காயத்துக்கு ஒரு மருந்துக்கொடியின் இலையை மென்று சாறு பூசி, மென்ற இலையையும் அப்பிக்கொண்டதை ஆய்வாளர்கள் நேரில் கண்டு, 2024-இல் வெளியிட்டனர். தனியே இருந்தவன் தன் வைத்தியத்தையும் தானே அறிந்திருந்தான். என் தந்தையார் ஆலைக் கணக்கில் முப்பத்தைந்து ஆண்டுகளில் ஒரு சல்லியும் பிசகியதில்லை என்று முதலாளி என்னிடம் ஒரு முறை சொன்னது, இவற்றைப் படிக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. மேடையில் நான் அவரைப் பற்றிச் சொல்ல எண்ணியிருந்த உரையில் அது இல்லை.

ஜாவாத் தீவில் வாழ்ந்த போண்டியுஸ் என்னும் டச்சு மருத்துவர் பதினேழாம் நூற்றாண்டில் எழுதிவைத்த ஒரு செய்தி உண்டு. உராங்குட்டான்களுக்குப் பேசத் தெரியும்; பேசினால் மனிதர் வேலை வாங்குவார்கள் என்றே அவை வாய் திறப்பதில்லை என்று அந்நாட்டு மக்கள் கூறினார்களாம். இதை அப்பாவுக்குச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பாலாநகருக்கு வந்தபின் நான் கேட்ட அவருடைய முதல் சிரிப்பு அது.

நாணம் பெண்ணுக்குரியது என்று வழக்கில் சொல்லிவிடுகிறோம். வள்ளுவர் பொருட்பாலில் நாணுடைமைக்குத் தனி அதிகாரம் வகுத்து, அது பெண்களின் நாணத்தினின்றும் வேறானது என்றும், மக்கள் அனைவருக்கும் உரிய சிறப்பு என்றும் காட்டினார். அவர் சொன்ன நாணம் தகாத செயலுக்கு நாணுதல். அன்று அந்தத் தடுப்பருகே அது இருந்திருக்க வேண்டியது யாரிடம்? சாக்குக்குள் இருந்தவனிடமா, கைதட்டியவனிடமா? அரசு ஊழியனாகிய எனக்குச் சட்டமும் பிறகுதான் தெரிந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஜே பிரிவு, விலங்குக்காட்சிச் சாலையில் விலங்கைச் சீண்டுவதையும், அதற்குத் தீனி கொடுப்பதையும், கூச்சலாலோ வேறு வகையாலோ அதன் அமைதியைக் கெடுப்பதையும் தடை செய்கிறது. விலங்குக்கு அத்தனை காப்பு இருக்கிறது. வீட்டுப் பின்கட்டில் அமர்ந்திருக்கும் முதியவருக்கு எந்தப் பிரிவு?

நம் நேரு பூங்காவில் இரவுவிலங்கு இல்லம் ஒன்று 1982-இல் அமைந்தது. தேவாங்கு, ஆந்தை போன்ற இராவாழ் உயிர்களை நாம் பகலில் பார்ப்பதற்காக உள்ளே பகலை இருட்டாக்கி, இரவை வெளிச்சமாக்கி வைத்திருப்பார்கள். திறமையான ஏற்பாடுதான், அவற்றுக்கும் தீங்கில்லை. ஆனால் மைசூருக்குப் பிறகு அங்கே சென்றபோது, நம் வசதிக்காக இன்னொருவரின் பகலிரவையே மாற்றிவிடுகிறோமே என்ற எண்ணம் எழாமல் இல்லை. அப்பாவை ஊரிலிருந்து அழைத்து வந்தபோது நான் செய்ததும் அதுதான். அழைத்து வந்தது பிழையன்று, வேறு வழியில்லை. வந்தவர் என் பகலில் விழித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்ததே பிழை.

இம்மலரைப் படிக்கும் அன்பர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறேன். நாம் எல்லாரும் ஒரு காலத்தில் இந்நகரில் சாக்குக்குள் இருந்தவர்களே. 2004-இல் நான் இங்கே பணியில் சேர்ந்தபோது கடையில் பொருளை விரலால் சுட்டிக்காட்டி வாங்கினேன். அலுவலகத்தில் பகலுணவு வேளையில் எல்லாரும் தெலுங்கில் சிரித்துப் பேசும்போது, கோப்பு அடுக்குகளுக்குப் பின்னால் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தனியே உண்பேன். சிலர் என்னை நடுவில் இழுத்து உட்காரவைத்து, தமிழில் ஏதாவது பேசச் சொல்லிச் சிரித்தார்கள். தீய எண்ணம் இல்லை. ஆயினும் மறுநாள் நான் இன்னும் பின்னால் போனேன். வயதில் மூத்த ஊழியர் ஒருவர் மட்டும் எதுவும் கேளாமல், தம் டப்பாவோடு வந்து, அதே அடுக்குகளுக்குப் பின்னால் பக்கவாட்டில் அமர்ந்து உண்டார். பதினைந்து நாள்கள் அப்படியே உண்டார். பதினாறாம் நாள் நான் கோங்குரா ஊறுகாய் கேட்டேன். என் தெலுங்கு அங்கே தொடங்கிற்று. அவர் எனக்குச் செய்ததை என் தந்தைக்குச் செய்ய எனக்கு இத்தனை ஆண்டுகளும் ஓர் உராங்குட்டானும் தேவைப்பட்டன.

இப்போது எங்கள் வீட்டில் விருந்தினர் வந்தால் கூடத்திலிருந்து யாரும் குரல் கொடுப்பதில்லை. பின்பக்கத்து உப்பரிகையில் சுவரைப் பார்த்துக் கிடந்த முக்காலியை எடுத்துவிட்டு, சாய்வு நாற்காலி ஒன்றைப் பக்கவாட்டில் போட்டிருக்கிறேன். அங்கிருந்து வேப்பமரமும் தெரியும். விரும்பினால் கூடமும் தெரியும். மாலையில் நான் அங்கே போய்ப் பக்கத்தில் உட்காருவேன். பெரும்பாலும் பேசமாட்டோம். சில நாள்களில் ஆலையைப் பற்றி, அம்மாவைப் பற்றி அவரே ஒரு சொல் சொல்வார். பேத்திக்கு மட்டும் நிறையச் சொல்கிறார் என்று கேள்வி.

அடுத்த பொங்கல் விழாவுக்கு "வர்றீங்களாப்பா?" என்று கேட்டேன். சிறிது நேரம் எண்ணிவிட்டு, "கடைசி வரிசையில உக்காந்துக்கிறேன்" என்றார். எந்தப் பட்டியலிலும் அவர் பெயரை நான் கொடுக்கவில்லை. பட்டிமன்றம் பாதி நடக்கும்போது திரும்பிப் பார்த்தேன், நாற்காலி காலி. இம்முறை நான் ஓடவில்லை. அவர் சட்டைப் பையில் வீட்டுச் சாவியும், மகள் தெலுங்கில் எழுதிக்கொடுத்த முகவரிச் சீட்டும் இருந்தன. விழா முடிந்து வீடு திரும்பியபோது உப்பரிகையில் விளக்கு எரிந்தது. சாய்வு நாற்காலியின் கையில் ஒரு முழம் மல்லிகை இருந்தது. மேம்பாலத்தடியில் அந்தப் பூக்கார அம்மையாரைப் பார்த்து, சீட்டைக் காட்டாமலே, தாமாகவே தெலுங்கில் ஒரு சொல் சொல்லி வாங்கினாராம். என்ன சொல் என்று நான் கேட்கவில்லை.